திருகோணமலைக்குப் புதிதாக வந்தவருக்கு: அரைநாளுக்கு ஓர் இடம், ஒரு சாப்பாடு

இடமாற்றத்தில் திருகோணமலைக்கு வரும் ஆசிரியர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், தாதியர், வளாகத்தில் சேரும் மாணவர்கள் என்று பலரும் முதல் மாதத்தில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வான் பிடித்து, காலையில் கோணேசர் கோயில், அடுத்து கன்னியா, மத்தியானம் நிலாவெளி, நேரம் மிஞ்சினால் கடற்படை அருங்காட்சியகம் என்று ஒரே மூச்சில் ஓடி முடிக்கிறார்கள். இரவு கைபேசி நிறையப் படங்கள் இருக்கும். கோட்டை வாசலில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மத்தியானம் எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், வழியில் ஏதோ ஒரு கடை என்பார்கள்.

நீங்கள் இங்கே வாழ வந்தவர். அவசரப்பட வேண்டியதில்லை. ஓர் அரைநாளுக்கு ஓர் இடத்தைப் பாருங்கள். அந்த இடத்துக்கு அருகிலேயே ஒரு சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது அடுத்த வாரம். இரண்டு மாதத்தில் ஊர் உங்களுக்குப் பழகிவிடும், கடைக்காரருக்கும் உங்கள் முகம் பழகிவிடும்.

முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

இந்த ஊரில் வெளியே போவதற்கு இரண்டு பொழுதுகள்தான். காலை ஆறரை முதல் பத்து வரை ஒன்று, மாலை நான்கு முதல் இருட்டும் வரை மற்றொன்று. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் பதினொரு மணிக்குத் தார்வீதியில் நடப்பவரை உள்ளூரார் கவலையோடு பார்ப்பார்கள். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிடுங்கள். அருங்காட்சியகம் கூரைக்குக் கீழே இருப்பதால், பத்து மணிக்கு மேலும் போகக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

நாளையும் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் முஸ்லிம்களின் கடைகள் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் அவற்றில் பல திறப்பதில்லை. மாலையானதும் கஞ்சி கொதிக்கத் தொடங்கும், அதைத் தவறவிடாதீர்கள். அதே வெள்ளிக்கிழமை சைவக் கடைகளில் இடம் பிடிப்பது சிரமம். போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் பூட்டு, அரச நிறுவனங்களும் பூட்டு. கோயில், கடற்கரை இரண்டிலும் கூட்டம் நெரியும். போயாவன்று கோட்டைக்குப் போக நினைத்தால் விடிந்தவுடன் போய்விடுங்கள்.

யாரோடு போவது

மூன்று பேர் வசதியான எண்ணிக்கை. ஓர் ஆட்டோவில் அடங்கிவிடலாம், ஒரு மேசையில் உட்காரலாம். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். தூரம் தெரியாவிட்டால் அலுவலகத்தில் ஒருவரிடம் நியாயமான தொகை என்னவென்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நகருக்குள் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நடந்தே போகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் சேர்ந்து வாழும் ஊர் இது. உங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் இருக்கும். ஆகவே கடையைத் தெரிவுசெய்வதற்கு முன், கூட வருபவர்களில் யாருக்கு எது ஆகாது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், ஒருவருக்கு ஹலால் வேண்டும், ஒருவர் வெள்ளிக்கிழமை விரதம். முதல் தடவை எல்லோரும் சேர்ந்து போகும்போது சைவக் கடைதான் பத்திரமான தெரிவு. அங்கே எவருக்கும் சங்கடமில்லை. காசைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதைவிட, இன்றைக்கு ஒருவர், அடுத்த முறை மற்றவர் என்று வைத்துக்கொண்டால் அடுத்த முறை ஒன்று நிச்சயமாக வரும்.

முதல் காலை: கோட்டையும் கோணேசரும், பிறகு இடியப்பம்

இதை முதலாவதாக வையுங்கள். பஸ் நிலையத்திலிருந்து பிரெட்ரிக் கோட்டை வாசலுக்கு நடந்தே போகலாம். உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

வாசலில் பெரும்பாலானோர் நிற்காமல் உள்ளே போய்விடுகிறார்கள். நீங்கள் நில்லுங்கள். வாசல் நிலைக்கல்லில் இரட்டைக் கயல் பொறித்திருப்பதைப் பார்க்கலாம். அது பாண்டியரின் சின்னம். அருகே தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்ற மன்னன் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி பின்னாளில் பிரிப்பான் என்ற பொருளில் ஓடும் வரிகள் அவை. எழுத்து முழுவதும் மிஞ்சவில்லை, காலை வெயில் சாய்வாக விழும்போது கொஞ்சம் தெளிவாகத் தெரியும். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். கோயிலின் கல் கோட்டையின் வாசலாகி, அதில் கோயிலைப் பற்றிய வரியே நிற்கிறது. நான்கு நூற்றாண்டுகளின் கதை ஒரு கை அகலத்துக்குள் இருக்கும்போது, அதைக் கடந்து ஓட எப்படி மனம் வருகிறதோ தெரியவில்லை.

பின்னர் ஒல்லாந்தர் வந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். கோட்டையின் இன்றைய பெயர் ஆங்கிலேய இளவரசர் ஒருவரின் பெயர். மேலே ஏறும் வழியில் ஆலமர நிழல்களில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். அவை பழகியவை, கையை நீட்டினால் அருகே வரும். பொலித்தீன் பையோடு எதையும் கொடுத்துவிடாதீர்கள், பையையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

கோயிலுக்குப் போகிறவர் தோளும் முழங்காலும் மூடிய உடையோடு போக வேண்டும். செருப்பைக் கீழே விட்டபின் நடக்கும் தரை ஒன்பது மணிக்கே சுடத் தொடங்கிவிடும். அதிகாலையில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. இலங்கையில் பாடல் பெற்ற தலங்கள் இரண்டுதான், மற்றது மன்னாரிலுள்ள திருக்கேதீச்சரம். இடிபாட்டுக்குப் பிறகு நெடுங்காலம் இந்த மலையுச்சியில் கோயில் இல்லை. 1950இல் நிலத்துக்குள்ளிருந்து திருவுருவங்கள் சில வெளிப்பட்டன. 1956இல் கடலடியில் சுழியோடிய மைக் வில்சன் ஒரு லிங்கத்தைக் கண்டெடுத்தார். அவரோடு சேர்ந்து இக்கடலை ஆராய்ந்தவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். இன்றைய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. கும்பிட்டபின் இராவணன் வெட்டுப் பக்கம் போய்ச் சற்று நில்லுங்கள். மலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் இடம் அது. தடுப்பைத் தாண்டிப் படமெடுக்க முயலவே வேண்டாம். பொறுமையாகப் பார்த்தால் கீழே நீரில் கடலாமை தலை நீட்டுவது சில வேளைகளில் தெரியும்.

இறங்கி வரும்போது பசி தானாக வந்துவிடும். நகருக்குள் வந்து, உள்ளூரார் நிறைந்திருக்கும் சைவக் கடை ஒன்றுக்குள் நுழையுங்கள். பெயர்ப்பலகையைவிட, வாசலில் நிற்கும் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பார்த்துக் கடையைத் தெரிவுசெய்யலாம். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் யாரும் விலைப்பட்டியல் கொண்டுவர மாட்டார்கள். என்ன இருக்கிறது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். இடியப்பம், பிட்டு, தோசை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தம்பி நிற்பார். முதல் நாளைக்கு இடியப்பம் சொல்லுங்கள். மஞ்சள் நிறத்தில் மெல்லிய தேங்காய்ப்பால் சொதியும், இடித்த செத்தல் மிளகாய் சேர்ந்து சிவந்த தேங்காய்ச் சம்பலும் கூட வரும். சொதியை இடியப்பத்தின் மேல் தாராளமாக விட்டு, அது ஊறுவதற்குள் சம்பலைத் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

இடையில் நீங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடை மேசைக்கு வரும். புதியவர்கள் இதைப் பார்த்துப் பதறுவதுண்டு. பதற வேண்டாம். எத்தனை எடுத்தீர்களோ அத்தனைக்குத்தான் காசு, மிச்சம் அப்படியே திரும்பிப் போகும். றோல்ஸ், பற்றிஸ் வைக்கும் தேநீர்க் கடைகளிலும் இதே முறைதான். எடுக்க நினைக்காததைக் கையால் தொட்டுப் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை. முடிவில் ஒரு பிளேன்டீ. சீனி குறைவாக வேண்டுமென்றால் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் தாராளமாகத்தான் விழும்.

இரண்டாவது முறை: கடற்படை வரலாற்று அருங்காட்சியகமும் மீன் சோறும்

உள்துறைமுகப் பக்கம் ஒல்லாந்தர் காலத்து இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளரின் இல்லமாக இருந்த அதைப் புதுப்பித்து, 2013இல் கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் வேறு, ஆகவே அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் திறந்திருக்குமா என்று விசாரிப்பது நல்லது.

அருங்காட்சியகத்துக்குள் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டு போனால் நான்காவது பலகையில் களைத்துவிடுவீர்கள். ஒரே ஒரு கேள்வியோடு உள்ளே போங்கள்: இத்தனை நாட்டுக்காரர்கள் இந்த ஊருக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள்? விடை காற்றில் இருக்கிறது. பாய்மரக் கப்பல் காலத்தில் நாகபட்டினம், சென்னை உள்ளிட்ட சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்றுக்கு ஒதுங்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் இல்லை. ஐப்பசி பிறந்தால் அங்கே நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஆபத்து. மலைகள் சூழ்ந்த, பெரிய கப்பலும் கரையோரம் வரை வரக்கூடிய ஆழமுள்ள திருகோணமலை யார் கையில் இருக்கிறதோ, வங்காள விரிகுடாவில் அவர்களின் கப்பல்களுக்கு அடைக்கலம். 1782இல் ஆங்கிலேயர் ஜனவரியில் பிடித்ததைப் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் ஓகஸ்டில் பறித்துக்கொண்டார். ஒரே ஆண்டுக்குள் இரண்டு முறை கொடி மாறியது. இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதும் இந்தத் துறைமுகத்துக்காகத்தான். பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து போனது 1957இல். இவ்வளவும் மனத்தில் இருந்தால் உள்ளே இருக்கும் வரைபடங்களும் கப்பல் உருவங்களும் தாமாகப் பேசும். மேல்மாடிக்குப் போகும்போது மரவேலையையும் தடித்த சுவர்களையும் பாருங்கள். மின்விசிறி இல்லாத காலத்தில் இந்த வெயிலைச் சமாளிக்க எப்படிக் கட்டினார்கள் என்பது அந்தச் சுவர்களில் தெரியும்.

வெளியே வந்ததும் உடனே ஆட்டோ பிடிக்காமல், துறைமுகக் கரையோரமாகக் கொஞ்சத் தூரம் நடங்கள். துறைமுகத்தின் எதிர்க்கரை தெரியும். அலையில்லாத அந்த நீரைக் கண்ணால் கண்டபிறகுதான், உள்ளே படித்தது மனத்தில் உட்காரும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்று மீன் சோறு. கடைக்குள் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இன்றைக்கு என்ன மீன் என்பது. பாரை, சூரை, அறுக்குளா என்று பதில் வரும். கணவாய், இறால், நண்டு இருந்தால் அதையும் சொல்வார்கள், ஆனால் அவற்றின் விலையைக் கேட்டுவிட்டே எடுங்கள். அவை சோற்று விலையில் அடங்காது. சோற்றோடு மூன்று மரக்கறியும் பருப்பும் பப்படமும் சேர்ந்து வரும். மரக்கறி மீண்டும் கேட்கலாம், மீனுக்குத் தனிக் காசு. முஸ்லிம் கடையென்றால் பரிமாறும் மூத்தவரை நானா என்று கூப்பிட்டுப் பாருங்கள், சைவக் கடையில் அண்ணன், ஐயா. உரிமையோடு கூப்பிடுகிறவரின் தட்டில் குழம்பு ஒரு கரண்டி கூடுதலாகவே விழும். இங்கே உறைப்பு அதிகம். உங்களுக்கு ஆகாதென்றால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

முடிவில் தயிர் இருக்கிறதா என்று கேட்க மறவாதீர்கள். மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் மண்சட்டியில் வரும். கரண்டியை வைத்தால் வெட்டினாற்போல் துண்டாக எழும்பும். மேலே கித்துள் பாணி விட்டுச் சாப்பிட வேண்டும்.

மாலை: முற்றவெளி, கடற்கரை, கொத்து

இதற்குத் திட்டம் எதுவும் தேவையில்லை. வேலை முடிந்து ஐந்து மணிக்கு முற்றவெளிப் பக்கம் வந்துவிடுங்கள். பத்திரகாளி அம்மன் கோயிலின் வண்ணக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு நடக்கலாம். வறுத்த கச்சான் வாங்கிக்கொண்டு மணலில் உட்காரலாம். மான்கள் இங்கேயும் வந்து நிற்கும்.

வெளிச்சம் இருக்கும்போதே முற்றவெளியருகில் உள்ள பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852இல் பர்மாப் போரின்போது இறந்தவர் அவர். இன்னொருவர் மோல்ஸ்வேர்த். இராணுவப் பொறியியலாளராக இங்கே இருந்தபடி தொலைநோக்கியால் வியாழனை ஆராய்ந்து, உலகறிந்த வானியலாளரானவர், 1908இல் இந்த ஊரிலேயே இறந்தார். செவ்வாயில் அவர் பெயரில் ஒரு கிண்ணக்குழி இருக்கிறது. உங்கள் மாணவர்களையோ பிள்ளைகளையோ அழைத்துப் போகத் தகுந்த இடம் இது. அவரைப் பற்றி உள்ளூர்ப் பாடசாலைகளில் இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

இருட்டியதும் வீதியெங்கும் கொத்து ரொட்டிச் சத்தம் தொடங்கும். கடைக்கு உள்ளே போய் உட்காருவதற்கு முன் வாசலில் கொத்துப் போடும் கல்லருகே இரண்டு நிமிடம் நில்லுங்கள். வெட்டிய ரொட்டியும் வெங்காயமும் லீக்சும் முட்டையும் சூடான கல்லில் விழ, இரண்டு தகடுகளும் ஏறியிறங்கும். கறிக்குழம்பு ஒரு கரண்டி ஊற்றியதும் எழும் ஆவியில் சத்தம் கொஞ்சம் மந்தமாகும், பிறகு மறுபடி உரக்கும். கல் சுத்தமாக இருக்கிறதா, குழம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அங்கே நின்றாலே தெரிந்துவிடும். ஒரு கொத்து இரண்டு பேருக்குப் போதும். மூவர் போனால் இரண்டு சொல்லுங்கள், ஒன்று கோழி, மற்றது முட்டை. குழம்பு தனியாகக் கேளுங்கள். சில்லறைத் தாள்களாகக் காசு வைத்திருங்கள், சிறிய கடைகளில் வங்கி அட்டை எடுபடாது. பெரிய உணவகங்களில் கட்டணத்தோடு பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பதுண்டு, பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகருக்கு வெளியே

இவையெல்லாம் முடிந்தபின் கன்னியாவுக்குப் போகலாம். நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர், அநுராதபுர வீதியிலிருந்து பிரியும் பாதை. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வொரு விதம். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினான் என்பது ஐதிகம், இன்றும் இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்காக வருபவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சத்தமாகக் கும்மாளமிட வேண்டாம். கிணற்றுக்குள் இறங்கக் கூடாது, வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். சவர்க்காரம் வேண்டாம். சூடு குறைந்த கிணற்றில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போங்கள். மாற்றுடை அவசியம். அதே திசையில் இன்னும் உள்ளே போனால் வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி அது, தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. தமிழரும் பௌத்தமும் பற்றி ஆர்வமுள்ளவர் கட்டாயம் போக வேண்டும். பஸ்ஸில் போனால் திரும்பும் நேரத்தை நடத்துநரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

நிலாவெளி வீதியில் போகும்போது, உப்புவெளி தாண்டியதும் இரண்டாம் உலகப் போர் வீரர்களின் மயானம் இருக்கிறது. கல்லில் பொறித்த வயதுகளைப் படித்துக்கொண்டு கால் மணி நேரம் நடந்தால் போதும். கடற்படைத் தளத்துக்குள் இருக்கும் ஹூட் கோபுர அருங்காட்சியகத்துக்குப் போக விரும்பினால், முன்கூட்டியே தள வாசலில் அனுமதி விசாரித்து, எல்லோரும் அடையாள அட்டையோடு போங்கள். பழைய பீரங்கிகளும், துறைமுகம் முழுவதும் தெரியும் காட்சியும் அலைச்சலுக்கு ஈடுகொடுக்கும்.

மழைக்காலத்தில் வந்தவருக்கு

நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடை அடிக்கும். நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாமலைத் தீவுக்குப் படகு பொதுவாக ஓடாது, கடல் கலங்கி இருக்கும், குளிக்க இறங்கவே கூடாது. அந்த மாதங்களில் இந்த வரிசையை மாற்றி, அருங்காட்சியகத்தை முதலில் வையுங்கள். கோட்டைக்கு மழை விட்ட ஒரு காலையில் போகலாம், மலைப்படிகளில் பாசி பிடித்திருக்கும் என்பதால் செருப்பில்லாத காலோடு மெதுவாக நடக்க வேண்டும். அந்தக் காற்றுக்குக் குடை நிற்காது, மழையங்கி வாங்கிக்கொள்ளுங்கள். மீன் வரத்துக் குறையும் நாட்களில் கடைக்காரர் குளிரூட்டிய மீனை வைத்திருப்பார். அன்றைக்கு மீனை விட்டுவிட்டுச் சைவச் சாப்பாடு சொல்லுங்கள்.